காற்றுக்கு ஒரு வேலி

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

கல்வியின் சிறப்பு, தாய்மொழியின் மேன்மை என்று ஏதாவது பேசுவார் என எண்ணித்தான் நீங்கள் வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த சாதாரண ஆசிரியன் நான். பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது. ஆகவே, காற்றைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் பள்ளிக்குப் பின்னால், மேற்குப் பக்கத்து மேட்டில், முன்பு வயதான செம்பனை மரங்கள் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். 25 வயதுக்கு மேல் ஆகிவிட்டதால், மறு நடவுக்காக அவற்றைச் சாய்த்தார்கள். அது தோட்ட வேலையில் வழக்கம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மேடு வெட்டவெளியானதும் நமக்குக்கூட ஒரு மகிழ்ச்சி. "வெளிச்சம் நல்லா வருது சார்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

சில மாதங்கள் கழித்து, ஒருநாள் விடிவதற்கு முன்னால் சுமத்ரா காற்று வந்தது. மேற்கேயிருந்து கடலைத் தாண்டி, இடியும் மழையுமாகத் திடீரென்று வந்து, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்து போகும் காற்று அது. தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் ஜொகூர் மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று காலை பள்ளித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், குலை தள்ளியிருந்த வாழைகள் எல்லாம் கிழக்கு நோக்கிப் படுத்துக் கிடந்தன. பயற்றங்காய்ப் பந்தல் முறிந்து, கொடியெல்லாம் சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. அதே காற்று லயன் வீடுகளின் பின்புறத்திலும் புகுந்து, மரவள்ளியையும் கத்தரியையும் ஒடித்துவிட்டுப் போயிருந்தது.

அப்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "சார், போன வருஷமும் இதே மாதிரி காத்து அடிச்சுச்சே. அப்ப ஏன் விழல?"

பதில் என் கண் முன்னாலேயே இருந்தது. அல்ல, பதில் இருந்த இடம் காலியாக இருந்தது! அந்தப் பழைய செம்பனை மரங்கள் யாரும் கேட்காமலேயே, யாரும் நன்றி சொல்லாமலேயே, எத்தனையோ ஆண்டுகளாக நம் தோட்டத்துக்குக் காற்று வேலியாக நின்றிருக்கின்றன. அவை போன பிறகுதான் அவை செய்த வேலை நமக்குத் தெரிந்தது.

அந்த வாரமே பெற்றோர் சிலரைக் கூப்பிட்டு, "பள்ளி எல்லையில் மரம் நடுவோம், லயன் கொல்லை வரைக்கும் கொண்டுபோவோம்" என்றேன். அதில் ஒரு தகப்பனார், வெளிக்காட்டு வேலை செய்பவர், எனக்கு வயதில் மூத்தவர், மெதுவாகக் கேட்டார்: "வாத்தியாரே, நல்ல காரியந்தான். ஆனா இது நம்ம நிலமா? இன்னும் மூணு வருஷத்துல நான் வேலைய விட்டு நின்னா வீட்ட காலி பண்ணணும். பத்து வருஷத்துல இந்தப் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைங்க இருப்பாங்களோ என்னவோ. மரம் வளர்றதுக்குள்ள நாம இருப்போமா?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். படித்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அவருடைய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். காய்ந்த மண்ணில் காற்று மூன்று விதமாக வேலை செய்கிறது. மிக மெல்லிய தூசியைத் தூக்கிக்கொண்டு வானத்தில் நெடுந்தூரம் போகிறது. பெரிய மணலைத் தரையோடு உருட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள மணல் தத்துக்கிளி மாதிரி தாவித் தாவிப் போகிறது. விழும் இடத்திலெல்லாம் மற்ற மணலையும் மோதிக் கிளப்பிவிடுகிறது. பெரும்பாலான மண் இப்படித் தாவித்தான் போகிறது. அதுவும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே! பேக்னால்ட் என்னும் ஆங்கில இராணுவப் பொறியாளர் பாலைவனத்தில் இதை ஆராய்ந்து 1941இல் ஒரு நூல் எழுதினார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது அள்ளிச் செல்லும் மணல் சுமார் எட்டு மடங்காகும் என்பது அவர் கண்ட கணக்கு. மாணவர்களே, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், மண் சேதம் எட்டில் ஒரு பங்காகிவிடும். காற்றை நிறுத்தவே வேண்டாம். கொஞ்சம் தளர்த்தினாலே போதும்!

நம் பண்டார் தெங்காராவில் மழை அதிகம். இங்கே மண்ணை அள்ளிப் போகும் பெரிய திருடன் மழைதான்; காற்று சின்னத் திருடன். அதனால்தான் மறு நடவு செய்த மேட்டில் மண்ணை மூடுவதற்குப் பியூரேரியா கொடியைப் போடுகிறார்கள். ஆனால் காற்று வேறு விதத்தில் நம்மைத் தண்டிக்கும். செடியை ஒடிக்கும், பூவை உதிர்க்கும், மழை ஓய்ந்த நாட்களில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், செம்மண் சாலைப் புழுதியை வாரிக் கீரை மேல் கொட்டும். பால் மரம் வெட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பால் தரும் மரமானாலும் சில வகைகள் காற்றுக்கு ஒடிந்துவிடும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

மண்ணைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பெரிய புல்வெளிகள் இருந்தன. கோதுமைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் அந்தப் புல்லையெல்லாம் உழுது புரட்டிவிட்டார்கள். 1930களில் மழை பொய்த்தது. மூடியிருந்த புல் இல்லை. தடுக்க மரமும் இல்லை. 1934 மே மாதத்தில் கிளம்பிய புழுதி, நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கும் நியூயார்க் நகரத்தின் மேலேயே போய் விழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் வந்த புழுதிப் புயலில் பகல் இருட்டாகிவிட்டது. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போயின. நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர்களும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட், வரிசை வரிசையாக மரம் நடும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1935 முதல் 1942 வரை, வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை, 20 கோடிக்கும் அதிகமான மரங்களை நட்டார்கள். எல்லா வரிசைகளையும் சேர்த்தால் சுமார் 30,000 கிலோமீட்டர் நீளம் வரும். வேலையில்லாமல் தவித்த ஏழைத் தொழிலாளர்களே கூலிக்கு நட்டார்கள். மரம் அவர்களுடையதல்ல. ஆனால் அந்த வரிசைகளுக்குப் பின்னால் பயிர் நின்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பிள்ளைகளை நாம் சுற்றுலா கூட்டிப் போகும் டெசாருவுக்கே வாருங்கள். மலாய் மொழியில் டெசா என்றால் கிராமம்; ரு என்றால் சவுக்கு மரம். சவுக்கு மரக் கிராமம்! கடற்கரை மணலில், உப்புக் காற்றில், வேறு மரம் நிற்கத் தயங்கும் இடத்தில் சவுக்கு நிற்கிறது. எப்படி என்று கேட்பீர்கள். அதன் வேரில் முண்டு முண்டாக ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாகக் கொடுக்கிறது. ஊசி ஊசியாகத் தெரிவது இலை அல்ல; மெல்லிய கிளைகள். இலைகளோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் செதில்கள். அதனால் காற்று அதற்குள் புகுந்து, சீழ்க்கை அடித்து, வேகம் குறைந்து வெளியே வருகிறது. அடுத்த முறை டெசாரு போகும்போது குளிப்பதோடு நிறுத்தாமல், மரத்துக்கு முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வித்தியாசம் உங்கள் முகத்துக்கே தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம், நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினக் கரையிலும் சவுக்குத் தோப்புகள் உண்டு. வேதாரண்யம் வட்டத்தில் நாலுவேதபதி என்று ஒரு கிராமம். 2002ஆம் ஆண்டில், கின்னஸ் சாதனைக்காக, அவ்வூர் மக்கள் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டார்கள். பெயர் வாங்க நட்ட மரங்கள்தான். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தத் தோப்பு அலையின் வேகத்தை உடைத்தது. ஊர் பேரழிவிலிருந்து தப்பியது. நட்டு இரண்டே ஆண்டுகள்! "மரம் வளர்வதற்குள் நாம் இருப்போமா" என்பவர்கள் இந்த ஊரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மரம் எல்லாவற்றையும் காக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதே வேதாரண்யக் கரையில் 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் ஏறியது. தென்னையும் மற்ற மரங்களும் லட்சக்கணக்கில் விழுந்தன. பெரும்புயலுக்கு முன் எந்த வேலியும் முழு வேலி ஆகாது. நம் வேலி, வருடா வருடம் வரும் சாதாரணக் காற்றுக்கான வேலி. நம் வாழையை ஒடிப்பது அந்தச் சாதாரணக் காற்றுதானே!

இனி, எப்படி நடுவது? "மரம் எதுக்கு சார், தகரத்தை நிறுத்திட்டா போதாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம். ஒரு தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, மேசை விசிறியைச் சுழலவிட்டோம். முதலில் நடுவில் ஒரு பலகையை நிறுத்தினோம். பலகையை ஒட்டி மணல் அசையவில்லை. ஆனால் ஒரு சாண் தள்ளி, பலகையின் தலைக்கு மேல் ஏறிய காற்று குப்புற விழுந்து, சுழன்று, மணலைக் கிளறிவிட்டது. பிறகு பலகையை எடுத்துவிட்டு, விளக்குமாற்று ஈர்க்குகளை இடைவெளி விட்டுக் களிமண்ணில் வரிசையாக நட்டோம். காற்று இடுக்குகளில் நுழைந்து போயிற்று. ஆனால் களைத்துப் போயிற்று. தட்டின் கடைசி வரை மணல் அமைதியாகக் கிடந்தது.

இதுதான் காற்று வேலியின் இரகசியம். அது சுவர் அல்ல, சல்லடை. கிட்டத்தட்டப் பாதிக் காற்றைப் போகவிட்டு, பாதியைத் தடுக்க வேண்டும். அப்படி நின்றால், மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு உண்டு. அதற்கு அப்பாலும் ஓரளவு உண்டு. 5 மீட்டர் உயர வரிசை என்றால், 50 மீட்டர் தூரத்துக்குக் கத்தரியும் வெண்டையும் நிம்மதியாக இருக்கும். நம் பள்ளித் தோட்டமும் முதல் லயனின் கொல்லையும் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னும் மூன்று செய்திகள் முக்கியம். காற்று வரும் திசைக்குக் குறுக்கே வரிசை நிற்க வேண்டும். நமக்கு அது மேற்குப் பக்கம். நடுவில் ஒரு மரம்கூடப் பட்டுப்போய்ச் சந்து விழக்கூடாது. சந்து விழுந்தால் காற்று அந்த வழியில் முன்னைவிட வேகமாகப் பாயும். மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒரு சந்து இருப்பதால்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் அப்படிக் காற்று அடிக்கிறது. மூன்றாவது, அடியிலும் அடைப்பு வேண்டும். மேலே இலையும் கீழே வெறும் தண்டுமாக இருந்தால், காற்று குனிந்து உள்ளே வந்துவிடும். தாவும் மணலும் முழங்காலுக்குக் கீழேதானே போகிறது!

ஆகவே மூன்று நிரை வைத்தோம். வெளியே எலுமிச்சைப் புல். நடுவே கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவை. உள்ளே இடைவெளி விட்டுப் பலாக் கன்றுகள். நம் கெட்டி மண்ணுக்குச் சவுக்கைவிட இவை தோதாக இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சீமைக்கிளுவையில் ஒரு வசதி, காசு கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை. கை மொத்தத்தில் ஒரு கம்பை வெட்டி ஊன்றினால் தளிர்த்துவிடும். அதன் தழையைக் கழித்து மண்ணில் போட்டால் அதுவே உரம்.

முதல் தடவை 60 கம்பு ஊன்றினோம். பாதிக்கு மேல் தளிர்த்தது. மீதியில் சில காய்ந்து போயின. சிலவற்றை ஆடு மேய்ந்துவிட்டது. யாருடைய ஆடு என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் இந்தக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்! அவரே அடுத்த வாரம் கம்பி கொண்டுவந்து அடைப்புக் கட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்போது வரிசை என் தோள் உயரம் நிற்கிறது. ஆனால் பட்டுப்போன இடங்கள் பல் விழுந்த வாய் மாதிரி இன்னும் சந்தாகத்தான் இருக்கின்றன.

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். இது நம்ம நிலமா?

இல்லை. நம் நிலம் இல்லை. இதை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டில் நட்ட கித்தா மரங்களுக்குக் கணக்கில்லை. அதில் ஒரு மரம்கூட அவர்களுடையதில்லை. நட்டார்கள், வெட்டினார்கள், போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே மரம் என்றதும் "யாருக்காக?" என்று நம் மனம் கேட்பது நியாயம். அந்தக் கேள்வி வலியிலிருந்து வருகிறது. வேலை முடிந்தவனுக்கு ஒரு வீடு, ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். மரம் நடுவது அதற்கு மாற்று ஆகாது.

ஆனால் இந்த வரிசை வேறு மாதிரி. இதில் பால் இல்லை. எடை போட்டு எடுத்துப் போகக் குலையும் இல்லை. இதன் வேலையெல்லாம் தனக்குப் பின்னால் இருப்பதைக் காப்பது மட்டுமே. பின்னால் இருப்பது எது? உங்கள் வீட்டுக் கீரைப் பாத்தி. கடையில் காய்கறி விலை ஏறும்போது உங்கள் சட்டியில் விழும் கத்தரிக்காய். உங்கள் பிள்ளை தன் கையால் நட்டு, குலை தள்ளுவதற்காகக் காத்திருக்கும் வாழை. நிலம் யாருடையதாக இருந்தாலும், அதில் விளைந்து நம் வயிற்றுக்குள் போனது நம்முடையதுதான். அடுத்து, பிள்ளைகள் கற்ற வித்தை. காற்று எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு தள்ளி நடுவது, எத்தனை சந்து விடுவது என்று தெரிந்த பிள்ளை, நாளை கூலாயிலோ கோத்தா திங்கியிலோ ஒரு துண்டு நிலம் வாங்கினால் அங்கேயும் நடும். வீட்டைக் காலி செய்யும்போது அதை யாரும் பிடித்து வைக்க முடியாது.

இதைச் சொல்லலாம் என்று நான் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். என்னைப் பேசவே விடவில்லை அவர். ஒரு சனிக்கிழமை பாராங்கத்தியும் தோளில் ஒரு கட்டுக் கம்புமாக அவரே வந்துவிட்டார். "என்னங்க, மனசு மாறிட்டீங்களா?" என்றேன். "மாறல வாத்தியாரே. நிலம் நம்மது இல்லதான். ஆனா நான் போனப்புறமும் அந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் பயத்தங்கா போடுவாங்கல்ல" என்றார். நான் படித்துத் தேடிய பதிலைவிட அது நல்ல பதில். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும், வீட்டுக்கு ஒருவர் இரண்டு கம்போடு வாருங்கள், சந்தையெல்லாம் அடைப்போம். மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பள்ளி விட்டுப் போகும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகட்டும். ஆட்டைக் கட்டி வையுங்கள்!

அடுத்த சுமத்ரா காற்று வரத்தான் போகிறது. அது வரும்போது நம் வாழை நிற்கிறதா என்று இந்தப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க ஆசைப்படுகிறேன்.